சிவப்பு விளக்கு சொல்லாத செய்தி

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினிடமிருந்து சிறிது ஆற்றலை வாங்கி மின்சாரமாக மாற்றி, விளக்குகளுக்கும் இக்னிஷனுக்கும் ஹாரனுக்கும் கொடுத்து, மிஞ்சுவதை அடுத்த முறை ஸ்டார்ட் செய்வதற்காகப் பேட்டரியில் சேர்த்துவைக்கும் ஏற்பாட்டையே சார்ஜிங் அமைப்பு என்கிறோம். மோட்டார் காரின் முதல் கால் நூற்றாண்டில் பெரும்பாலான வண்டிகளுக்கு இப்படியோர் ஏற்பாடு தேவைப்படவில்லை. எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பினார்கள், பொறியை மேக்னெட்டோ தந்தது, முகப்பு விளக்குகள் அசிட்டிலின் வாயுவில் எரிந்தன. 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் இடம்பெற்ற பிறகு, பேட்டரி காரின் இன்றியமையாத உறுப்பாயிற்று. பேட்டரி வந்ததும், அதை ஓயாமல் நிரப்பிக்கொண்டிருக்க டைனமோவும் வந்தே தீர வேண்டியதாயிற்று.

சிலிக்கான் டையோடுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 1960களில் ஆல்டர்னேட்டர் என்ற புதுக்கருவி டைனமோவைப் படிப்படியாக வெளியேற்றியது என்றாலும், இந்தியாவில் டைனமோ அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவாகி, 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசடரும், டிரயம்ஃப் ஹெரால்டை அடியொற்றி 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், பர்மிங்காமைச் சேர்ந்த லூகாஸ் நிறுவனத்தின் மின்னமைப்பு மரபில் பிறந்தவை. அதே 1961இல் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து வாகன மின்கருவிகளுக்காக லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின, அதன் ஆலை இருக்கும் சென்னை பாடியில் பேருந்து நிறுத்தம்கூட இன்றும் லூகாஸ் என்றே வழங்குகிறது. ஆகவே இக்கட்டுரை லூகாஸ் டைனமோ கொண்ட 12 வோல்ட் கார்களையே எடுத்துக்கொள்கிறது. ஃபியட் 1100 போன்ற இத்தாலிய மரபுக் கார்களுக்கு அவற்றின் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

பழைய கார் ஒன்றில் சார்ஜ் ஏறவில்லை என்ற புகார் எழுந்ததும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் புதுப் பேட்டரி வாங்கப்படுகிறது, அதுவும் சில வாரங்களில் இறங்கிவிட டைனமோவின்மீது பழி விழுகிறது, அதைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு புதிய காரின் ஆல்டர்னேட்டரை வெட்டி ஒட்டிய பட்டையில் மாட்டி, வேலை முடிந்தது என்கிறார்கள். இந்த வழக்கத்தின் குறை அதன் செலவில் இல்லை, எதையும் அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதில் இருக்கிறது. ஏனெனில் தேய்ந்த கார்பன் பிரஷ், கரி படிந்த தொடுமுனை, துருவேறிய எர்த் இணைப்பு போன்ற சிறு குறைகளும் டைனமோ செத்துவிட்டது போன்ற அதே தோற்றத்தைத் தரக்கூடியவை. ஒரு வோல்ட்மீட்டரும் முறையான வரிசையும் இருந்தால், குறை எங்கே இருக்கிறது என்பதைக் காரிலிருந்து எதையும் கழற்றாமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும்.

டைனமோ வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால்தான் அந்த வரிசை விளங்கும். உருளை வடிவ இரும்புக் கூட்டின் உட்சுவரில் எதிரெதிராக இரண்டு ஃபீல்டு காயில்கள், அதாவது காந்தப்புலத்தை உண்டாக்கும் கம்பிச் சுருள்கள், பொருத்தப்பட்டிருக்கின்றன; அவற்றுக்கு நடுவே, கம்பி சுற்றிய ஆர்மேச்சர் எனும் உருளை விசிறி பெல்ட்டின் இழுப்பில் சுழல்கிறது; ஆர்மேச்சரின் பின்முனையில் செப்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டரும், அதை இருபுறமும் அழுத்திக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் பிரஷ்களும் சேர்ந்து, சுருளில் பிறக்கும் மின்சாரத்தை நேர்திசை மின்னோட்டமாக வெளியே எடுக்கின்றன. எஞ்சினை அணைத்த பிறகும் கூட்டின் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். அடுத்த முறை சுழலும்போது அந்த எச்சக் காந்தம் சிறிதளவு மின்சாரத்தைத் தர, அது ஃபீல்டு காயிலுக்குச் சென்று காந்தத்தை வலுப்படுத்த, வலுத்த காந்தம் மேலும் மின்சாரத்தைத் தர, இப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு டைனமோ எழுகிறது. வெளியே இரண்டு முனைகளே தெரியும்: பெரியதான 'டி' முனை உற்பத்தியாகும் மின்சாரத்தைக் கொண்டுசெல்கிறது, சிறியதான 'எஃப்' முனை ஃபீல்டு காயிலுக்குச் செல்கிறது.

தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் கருவிக்குக் கடிவாளமும் வேண்டும், கதவும் வேண்டும். கடிவாளம் ரெகுலேட்டர்: வோல்ட் ஓர் எல்லையைத் தொட்டதும் அதன் காந்தம் ஒரு தகட்டை இழுத்துத் தொடுமுனையைப் பிரிக்க, ஃபீல்டு காயிலுக்குப் போகும் வழியில் ஒரு மின்தடை குறுக்கிட்டு வோல்ட்டைக் கீழே இறக்குகிறது, இறங்கியதும் தொடுமுனை மறுபடியும் சேர்கிறது, கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் இந்தத் துடிப்பு நடந்துகொண்டே இருக்கிறது. கதவு கட்டவுட்: டைனமோவின் வோல்ட் பேட்டரியைவிட உயர்ந்ததும், ஏறக்குறைய 12.7க்கும் 13.3க்கும் இடையில், அது மூடி இணைப்புத் தருகிறது. எஞ்சின் வேகம் குறைந்து பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயத் தொடங்கியதும் திறந்து துண்டிக்கிறது. லூகாஸின் ஆர்பி 106 என்ற பெட்டியில் இவை இரண்டும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. பட்டறைகளில் பெட்டி முழுவதையுமே 'கட்டவுட்' என்று சொல்லும் வழக்கம் இருப்பதால், 'கட்டவுட் போய்விட்டது' என்று ஒருவர் சொன்னால் எந்தப் பாதி போயிற்று என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

விளக்கு அணைந்தால் போதுமா?

டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு அணைந்துவிட்டால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறது என்று நம்பாத ஓட்டுநர் அரிது. ஆனால் அந்த விளக்கின் ஒரு முனை இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் பேட்டரியோடும் மறுமுனை டைனமோவின் 'டி' முனையோடும் இணைந்திருக்கிறது. அது காட்டுவது இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வோல்ட் வித்தியாசத்தை மட்டுமே. எஞ்சின் நிற்கும்போது 'டி' முனையில் வோல்ட் இல்லாததால் விளக்கு முழுமையாக எரிகிறது, டைனமோ எழுந்து இரு பக்கமும் சமமானதும் அணைகிறது. கட்டவுட்டின் தொடுமுனை கரிந்து மூடாமல் போனாலோ, மூடியும் மின்சாரத்தைக் கடத்தாமல் போனாலோ, பேட்டரிக்கு ஓர் ஆம்பியர்கூடப் போகாது. அப்போது 'டி' முனையில் 16 வோல்ட்டும் பேட்டரியில் 12 வோல்ட்டும் இருக்க, இடையில் மாட்டிய 12 வோல்ட் பல்பு வெறும் 4 வோல்ட் வித்தியாசத்தில் மங்கலாகக் கனன்றுகொண்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் அந்தக் கனல் கண்ணுக்கே தெரியாது. இரவில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மங்கிய செம்மை தெரிந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. உண்மையை அறிய, எஞ்சினைச் சற்று வேகமாக ஓட்டிப் பேட்டரியின் முனைகளிலேயே வோல்ட்டை அளப்பதுதான் வழி. நின்றிருந்தபோது காட்டிய அளவைவிட அது தெளிவாக உயரவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை.

அடுத்து, பேட்டரியையும் பெல்ட்டையும் பார்த்துவிட வேண்டும். முழுமையாக சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். வெளியே தனி சார்ஜரில் ஏற்றியும் அது நிற்கவில்லை என்றால் காரைக் குறைசொல்லிப் பயனில்லை. விசிறி பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் பெல்ட் வழுக்கும், அளவுக்கு மீறி இறுக்கினால் தாங்கிகள் தேயும். ஓடும் எஞ்சினில் பேட்டரி முனையைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். ரெகுலேட்டர் கெட்டுப்போன வண்டியில் அப்படிச் செய்தால் கட்டுமீறிய வோல்ட்டில் பல்புகள் எரிந்துபோகும், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் டையோடுகளே போய்விடும்.

டைனமோவிடம் நேரடியாகக் கேட்பது

இந்தத் தொழிலின் மிக அழகான சோதனை இனிதான் வருகிறது. டைனமோவின் 'டி', 'எஃப்' இரண்டிலும் உள்ள ஒயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரு முனைகளையும் ஒரு சிறு கம்பித்துண்டால் ஒன்றோடொன்று இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து, எஞ்சினை மெல்ல மெல்ல வேகப்படுத்த வேண்டும். இந்நிலையில் டைனமோவுக்குக் கடிவாளமும் இல்லை, கதவும் இல்லை. அது தன் முழுத் திறனையும் காட்டும். முள் அதிராமல் விரைவாக ஏறினால் டைனமோவில் குறையே இல்லை, குறை ஒயரிலோ பெட்டியிலோதான் என்று அப்போதே முடிவுசெய்துவிடலாம். ஆனால் 20 வோல்ட்டைத் தாண்ட விடக் கூடாது, எஞ்சினை உறுமவிடவும் கூடாது, நிமிடத்துக்கு 1000 சுற்றே போதும். முள் அசையவே இல்லை என்றால் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை மட்டும் காட்டி நின்றுவிட்டால், எச்சக் காந்தம் மட்டுமே வேலை செய்கிறது, ஃபீல்டு காயில் அறுந்திருக்கலாம் அல்லது எர்த் ஆகியிருக்கலாம் என்று பொருள். 5 அல்லது 6 வோல்ட்டில் நின்று திணறினால் ஆர்மேச்சரின் சுருளில் குறை இருக்க வாய்ப்பு மிகுதி. ஒரே ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு நோய்களைப் பிரித்துச் சொல்லும் இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடங்கள்கூட ஆகாது. இதைச் செய்யாமல் டைனமோவைக் கழற்றுவது நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

கழற்ற நேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது உட்சுவரை. பின்மூடியின் உட்புறத்திலும் கூட்டின் உள்ளேயும் சிறுசிறு ஈயத் துளிகள் வட்டமாகத் தெறித்திருந்தால், அந்த டைனமோ அளவுக்கு மீறிய சுமையில் கொதித்து, ஆர்மேச்சர் கம்பிகளைக் கம்யூட்டேட்டரோடு பிணைத்திருந்த பற்றாசே உருகிச் சிதறியிருக்கிறது என்று அறியலாம். அதைப் பழுதுபார்த்து மாட்டுவதற்கு முன் அதிகச் சுமை எங்கிருந்து வந்தது என்று காணாவிட்டால் அதே கதை மறுபடியும் நடக்கும். அப்படித் தடயம் ஏதும் இல்லாமல் கம்யூட்டேட்டர் வெறுமனே கறுத்திருந்தால், பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, அதற்கும் போகாத கறையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுக்கலாம். எமரித் தாளை மட்டும் தொடக் கூடாது, ஏனெனில் அதன் கடினமான துகள்கள் செம்பில் பதிந்து பிரஷ்களை அரித்துவிடும். செப்புப் பட்டைகளுக்கு இடையே மின்காப்பாக இருக்கும் மைக்கா செம்பைவிட மெதுவாகத் தேய்வதால் காலப்போக்கில் துருத்திக்கொண்டு பிரஷைத் துள்ளச் செய்யும். லேத்தில் கம்யூட்டேட்டரைச் சமன் செய்த பிறகு, மைக்காவின் கனத்துக்குச் சாணை பிடித்த ஹாக்சா பிளேடைக் கொண்டு ஒவ்வோர் இடுக்கையும் சுமார் 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சதுரமாக வெட்டிவிட வேண்டும். அது பொறுமை கேட்கும் வேலை. ஓர் இடுக்கில் மிஞ்சிய மெல்லிய ஓரம்கூடப் பின்னர் தீப்பொறியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆர்மேச்சரைச் சோதிக்க மின்சுருள் கட்டும் பட்டறைகளில் குரோலர் என்ற கருவி இருக்கும். மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் வி வடிவக் காந்தம் அது. ஆர்மேச்சரை அதன் பள்ளத்தில் கிடத்தி, மேலே ஹாக்சா பிளேடு ஒன்றை நீளவாக்கில் பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றினால், சுருள்கள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகியிருக்கும் பள்ளத்துக்கு மேலே வரும்போது பிளேடு விர்ரென்று அதிரும், நல்ல பள்ளங்களில் அமைதியாக இருக்கும். குறை உறுதியானால் பழைய கம்பியை அறுத்தெடுத்து, சுற்று எண்ணிக்கையையும் கம்பியின் கனத்தையும் குறித்துக்கொண்டு, அதே அளவு எனாமல் கம்பியால் புதிதாகக் கட்டி, வார்னிஷில் தோய்த்துச் சூட்டில் உலர்த்த வேண்டும். மோட்டார் பம்புக்கும் மிக்ஸிக்கும் காயில் கட்டும் தெருமுனைப் பட்டறைகளில் இந்தக் கைத்திறன் இன்னும் உயிரோடு இருப்பது தமிழ்நாட்டுக் கார் உரிமையாளர்களின் பெரும்பேறு. வேலை கொடுத்தால்தான் அது நீடிக்கும்.

பின்முனையில் ஆர்மேச்சரின் அச்சைத் தாங்குவது நுண்துளைகள் நிறைந்த வெண்கல புஷ். புதியதை மாட்டுவதற்கு முன் 24 மணி நேரம் மெல்லிய எஞ்சின் ஆயிலில் ஊறவைத்தால்தான் அது தனக்கு வேண்டிய எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாட்டிய பிறகு பின்மூடியின் நடுத்துளையில் அவ்வப்போது சில சொட்டுகள் விட்டால் போதும், தாராளமாக ஊற்றினால் எண்ணெய் பிரஷ்களில் ஏறிவிடும்.

திருத்திய டைனமோவை மாட்டியதும் எஞ்சினைக் கிளப்பிவிடுவது ஆபத்தான அவசரம். நெடுநாள் கிடந்த டைனமோவில் எச்சக் காந்தம் மங்கியிருக்கலாம்; வேறொரு காரிலிருந்து வந்ததானால் தலைகீழாகவும் இருக்கலாம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையை உடலோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் முறை இருந்தது, பின்னர் வந்தவை எதிர்முனையை இணைத்தன. டைனமோவின் காந்தம் தன் காரின் முறைக்கு ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்காவிட்டால், கட்டவுட் மூடும் கணத்தில் டைனமோவும் பேட்டரியும் தொடராகச் சேர்ந்து, பெரும் மின்னோட்டம் பாய்ந்து தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்க, 'எஃப்' முனையிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து அந்த 'எஃப்' முனையை ஓரிரு கணம் தொட்டு எடுத்தால், ஃபீல்டு காயில் சரியான திசையில் காந்தமேறிவிடும்.

டைனமோ நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறாத கார்களில், அண்மையில் பெயின்ட் அடித்துப் புதுப்பித்த கார்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மின்சாரம் போவதற்கு ஒயர் இருப்பதுபோலத் திரும்பி வருவதற்குக் காரின் உடலே வழி. டைனமோவைத் தாங்கும் பிடிமானமும், எஞ்சினை உடலோடு இணைக்கும் பின்னல் பட்டையும், கட்டவுட் பெட்டியில் எர்த்துக்கான 'ஈ' முனையும் வெற்று இரும்பைத் தொட்டாக வேண்டிய இடத்தில் பளபளக்கும் பெயின்ட் குறுக்கே நின்றால், ஆயிரக்கணக்கில் செலவழித்த புதுப்பிப்பே வண்டியைப் படுக்கவைத்துவிடும். விளக்குகளைப் போட்டு எஞ்சினை வேகமாக ஓட்டும்போது டைனமோ உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட்மீட்டர் ஏறக்குறைய எதுவுமே காட்டக் கூடாது. அரை வோல்ட் காட்டினாலே பெயின்டையும் துருவையும் சுரண்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

ரெகுலேட்டரைத் திருத்துவது கடைசி வேலையாகவே இருக்க வேண்டும். ஒயர், எர்த், டைனமோ மூன்றும் சரி என்று தெரியாமல் அதன் திருகைத் திருப்புகிறவர் ஒரு குறையை இரண்டாக்குகிறார். அளக்கும்போது, பேட்டரிக்குப் போகும் 'ஏ' முனையின் ஒயரையும் காரின் மற்ற சுமைகளுக்குப் போகும் 'ஏ1' முனையின் ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். இக்னிஷனுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் கிடைக்கும், டைனமோவோ சுமையின்றித் தனித்திருக்கும். 'டி' முனைக்கும் 'ஈ' முனைக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து எஞ்சினை மெல்ல வேகப்படுத்தினால், ஏறிக்கொண்டே போகும் முள் ஓரிடத்தில் சிறிது துடித்து நிலைக்கும். ஆர்பி 106 பெட்டியில் அந்த அளவு 16 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், வெயில் காலத்தில் சற்றுக் குறைவாக. இன்றைய கார்களின் 14 வோல்ட்டோடு பழகியவர்கள் இதைக் கண்டு பதறித் திருகைத் தளர்த்திவிடுவது உண்டு. இது சுமையில்லாத அளவு என்பதையும், சுமை ஏறியதும் பெட்டியே வோல்ட்டை இறக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அவர்கள் கருதுவதில்லை. சோதனை முழுவதையும் அரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். காயில் சூடேறினால் அளவு பிறழும், பிறழ்ந்த அளவை நம்பித் திருகினால் குளிர்ந்தபின் திருத்தமும் பிறழ்ந்திருக்கும்.

தொடுமுனைகளைச் சுத்தம் செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரெகுலேட்டரின் தொடுமுனை கடினமானது, மெல்லிய கார்போரண்டம் கல்லால் தேய்க்கலாம். கட்டவுட்டின் தொடுமுனை மென்மையானது, அதற்கு உப்புத்தாளின் மெல்லிய கீற்று ஒன்றே தகும். இரண்டையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் டைனமோவுக்கு ஓர் எல்லை உண்டு. லூகாஸ் சி40 டைனமோ தரக்கூடியது அதிகபட்சம் 22 ஆம்பியர். அதுவும் டைனமோ நிமிடத்துக்குச் சுமார் 2250 சுற்றுகளை எட்டும்போதுதான். 1450 சுற்றுகளை ஒட்டித்தான் அது சார்ஜ் தரவே தொடங்குகிறது என்பதால், சிக்னலில் எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும் நேரமெல்லாம் பேட்டரியே செலவைச் சுமக்கிறது. 45 வாட் முகப்பு விளக்குகள் இரண்டு, சிறு விளக்குகள், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 13 ஆம்பியர் அளவில் முடிந்துவிடுவதால், வடிவமைத்தவர்கள் கணக்கிட்ட திறந்த சாலையில் மிச்சம் தாராளமாகவே இருந்தது; 60 வாட் ஹாலஜன், ஸ்டீரியோ, மின்விசிறி என்று சேர்த்துக்கொண்டு அண்ணா சாலையின் மாலை நெரிசலில் ஊர்ந்தால் அந்தக் கணக்கு உடைகிறது. நாள்தோறும் நகருக்குள் ஓட்டும் காருக்கு ஆல்டர்னேட்டர் நியாயமான தேர்வே, அதற்குமுன் காரின் எர்த் எந்த முனை என்று உறுதிசெய்துகொண்டால். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அணிவகுப்புகளிலும் மட்டும் வெளியே வரும் காருக்கு நன்கு திருத்திய டைனமோ போதும், அதுவே பொருத்தமும்கூட.

2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவத்தில் பேணப்படும் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் விண்டேஜ் வாகனங்களாகப் பதிவுசெய்ய வழிவகுத்தன. அப்படிப் பதிவான வண்டிகளை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்த வண்டிகளுக்கு மாலை நெரிசல் என்ற சிக்கலே இல்லை, ஆகையால் டைனமோவைக் களைவதற்கான முதல் காரணமும் இல்லை. ஆல்டர்னேட்டருக்கு மாறுவதென்று முடிவுசெய்துவிட்டவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கழற்றிய டைனமோவையும் கட்டவுட் பெட்டியையும் எடைக்குப் போட்டுவிடாமல், புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, எந்த முனை எர்த் என்று எழுதிய சீட்டைக் கட்டி, துணியில் சுற்றி அந்தக் காரின் டிக்கியிலேயே வையுங்கள்.